ஈரத்தோடு கட்டியது

ஜூன் 28

கார்ப்ரல் தனசீலன் நாசமாய்ப் போகட்டும். இந்த டைரியில் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பின்னாளில் கோபத்தில் நானே கூட்டிச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். நான் முப்பிடாதி. ஊர் வள்ளியூர்ப் பக்கம். அக்னிவீராக விமானப்படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, இந்தப் பாலைவனத் தளத்துக்கு மாசியில் வந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் நான் விமானம் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது வால் பாரசூட் பிரிவு.

போர் விமானம் தரையிறங்கி ஓடும்போது அதன் வாலிலிருந்து ஒரு பாரசூட் விரிந்து வேகத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். ஓடுபாதையின் கடைசியில் விமானி அதைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஜீப்பில் போய் அள்ளிக்கொண்டு வந்து, தூசி தட்டி, உலர்த்தி, மடித்து, பைக்குள் திணித்து, கட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஒருத்தர் உடம்பின் பாரம் முழுக்கப் போட்டு அழுத்த வேண்டும், இன்னொருத்தர் கட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் கட்டவே கூடாது. உலர்த்தும் கோபுரத்தில் கப்பிக் கயிறு போட்டு ஏற்றித் தொங்கவிட வேண்டும். ஈரத்துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியாமல் போகும். முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் இது.

போன வாரம் ஒரு சாயங்காலம் தூறல் விழுந்தது. அள்ளி வந்த பாரசூட் சில்லென்று இருந்தது. மறுநாள் காலையில் விமானம் ஏற வேண்டும், கையிருப்பில் வேறு பாரசூட் இல்லை.

"லேசா நனைஞ்சிக்கீது, அவ்ளோதாம்மா. இந்த ஊர் சூட்டுக்குப் பைக்குள்ளயே காஞ்சிடும். அழுத்து" என்றான் தனசீலன். வேலூர்க்காரன். நம்ம ஊர் ஆள் என்று அதுவரை அண்ணே அண்ணே என்று பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன், கிறுக்கச்சி.

"அண்ணே, தொங்கப் போட வேண்டாமா?" என்று கேட்டேன். நான் கேட்டேன். இதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

"அழுத்துன்னா அழுத்தேன்."

அழுத்தினேன். கட்டியது அவன் கை.

மறுநாள் அந்தப் பாரசூட் விரியவே இல்லை. முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி விமானத்துக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. விமானம் பாதையைத் தாண்டிப் போய்க் கடைசியில் இருக்கும் வலையில் மாட்டி, ஒரு பக்க இறக்கை போச்சு. விமானிக்குக் கழுத்தில் பட்டி போட்டிருக்கிறார்களாம். அது கிடக்கட்டும், என் கதைக்கு வருகிறேன்.

விசாரணையில் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். இந்தியில் பொரிந்து தள்ளினான். நான் தொங்கப் போடத்தான் சொன்னேன், இந்தப் புதுப் பெண் காய்ந்துவிட்டது என்று சொல்லி இறக்கிக்கொண்டு வந்தாள், நம்பிக் கட்டிவிட்டேன். இதுதான் அவன் சொன்னது. என் முறை வந்தபோது எனக்கிருந்த இந்தியில் "நஹி சார், நஹி சார்" தவிர எதுவும் வரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு வாரம் தண்டனை வேலை. அது பெரிதில்லை. பெயரில் சிவப்பு மை பட்டுவிட்டது, அதுதான். நாலு வருஷம் முடியும்போது எங்களில் நாலுக்கு ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். சிவப்பு மை பட்டவளை எவன் வைத்துக்கொள்வான்?

ஜூலை 1

பரேடு மைதானத்தில் நாள் முழுக்கக் கல் பொறுக்கினேன். எடுத்த ஒவ்வொரு கல்லையும் மனசுக்குள் அவன் மண்டையில் போட்டேன்.

ஜூலை 9

அம்மா போன் பண்ணினாள். தண்டனையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஏட்டி, பிளேன்ல ஏத்துனாங்களா?"

"இல்லம்மா. நான் கீழ நின்னு பாக்குற வேலை."

"அப்பமும் பக்கத்துலதான நிக்க. எல்லாரும் கேக்காவ. நாலு வருசம் கழிச்சும் ஒன்ன வச்சுக்கிடுவாங்கல்லா? அந்த சவத்துப் பய முத்தையா கடையில நின்னுக்கிட்டு, நாலு வருசத்துல தொரத்தி விட்டுருவாம்னு சொல்லுதான்."

"வச்சுக்கிடுவாங்கம்மா."

"அப்படின்னா சரி. நான் அவன்கிட்ட நல்லாக் கேட்டுட்டு வாரேன்."

பீடி சுற்றிச் சுற்றி அம்மாவின் விரல்நுனி எல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆதாருக்கு ரேகை வைக்கப் போனால் மிஷின் எடுக்கவில்லை. அந்தக் கையை நீட்டிக்கொண்டுதான் முத்தையாவிடம் போய்ச் சண்டை போடுவாள். தனசீலனுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. விட மாட்டேன்.

ஜூலை 15

மறுபடி பிரிவுக்கு வந்தாயிற்று. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றான். கார்ப்ரல் எழுந்து நின்று அக்னிவீரைப் பார்க்கும் கூத்தை இன்றுதான் பார்த்தேன்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டாச்சு கார்ப்ரல்."

அண்ணே போய்விட்டது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டே என் மேஜையைக் கூலருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டான். அது அவன் இடம். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அந்த இடத்துக்கு அடிதடியே நடக்கும். எலிக்கு வடை வைக்கிறான். நான் மேஜையைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் பரவாயில்லை.

ஜூலை 24

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். லட்டு கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தான். என் முன்னால் வந்து டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறான். எடுக்காமல் முடியாது, வாரண்ட் ஆபீசர் குருப்பு சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுத்தேன். வெளியே போய் மெஸ் நாய்க்குப் போட்டேன். நெய் மணம். நல்லாத்தான் இருந்திருக்கும்.

இப்போது எல்லாம் புரிகிறது. பிள்ளை பிறக்கப் போகிறது, அடுத்த வருஷம் சார்ஜண்ட் ஆகப் போகிறான், அந்த நேரத்தில் ஒரு கரும்புள்ளி விழக் கூடாது. அதற்கு என் தலை கிடைத்தது. அவன் மகளுக்கு நல்ல வாழ்க்கை வேண்டும். எங்கம்மா மகளுக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 2

நேரான வழியில் போய்ப் பார்க்கலாம் என்று குருப்பு சாரிடம் எல்லாம் சொன்னேன். பாலக்காட்டுக்காரர், ஓய்வு பெறுகிற வயசு, கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் நம்பறேன் மோளே. பட்சே, அந்த நேரத்துல அங்க அவன் கை உண்டு, உன் கை உண்டு. மூணாவதா ஒரு கை இல்லையே. முடிஞ்ச விசாரணையைத் திறக்கச் சொன்னா சாட்சி எவிடேன்னு கேப்பாங்க."

"அப்ப அவர் செஞ்சது செஞ்சதுதானா சார்?"

"அவனாச் சொன்னாத்தான் உண்டு."

அவனாகச் சொல்வானாம்! சரி. நேர்வழியில் கதவு சாத்தியாயிற்று. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5

இந்தி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அடுத்த முறை எவனாவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், நானும் பொரிந்து தள்ள வேண்டும். வகுப்பு நேரத்தில் எனக்கு ஜீப் டியூட்டி விழுந்திருந்தது. கேட்காமலேயே அதைத் தனசீலன் எடுத்துக்கொண்டானாம். யார் கேட்டது இவனை? நன்றி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

குருப்பு சாரிடம் அவன் சொல்லி, புது ஏற்பாடு. கோபுரத்திலிருந்து இறக்கும் பாரசூட்டைத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததை எல்லாம் அலமாரியில் அடுக்குவது இனி என் பொறுப்பு. "அந்தப் பொண்ணு கரெக்டா பாப்பா சார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். என் பெயரைத் தூக்கி விடுகிறானாம். எனக்குத் தெரியாதா? அடுத்த முறை ஏதாவது நடந்தால், பழியைப் போட ஆள் தயாராக இருக்க வேண்டும், அதுதான்.

ஆனால் அலமாரி என் கையில் வந்திருக்கிறது. இதை யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30

யோசித்துவிட்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த எந்தப் பையின் மேலும், யார் வேண்டுமானாலும், நேற்று வந்தவனாக இருந்தாலும் சரி, உள்ளங்கையை வைத்துப் "பிரி" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. அதிகாரி கட்டியதாக இருந்தாலும் அங்கேயே பிரித்துத்தான் ஆக வேண்டும். சாயங்காலம் குருப்பு சார் வந்து பைகளைப் பார்வையிட்ட பிறகுதான் அவை விமானத்துக்குப் போகும்.

அடுத்த மழையில் நனைந்தது ஒன்றை, காய்ந்ததோடு காய்ந்ததாக அவன் எடுக்கும் பக்கம் வைப்பேன். அவன்தான் துணியைத் தொட்டே பார்க்க மாட்டானே, கட்டிவிடுவான். குருப்பு சார் வந்து நிற்கும்போது உள்ளங்கையை வைத்துப் பிரி என்பேன். எல்லோர் முன்னாலும் பை திறக்கும், ஈரம் சொட்டும். ஜூனில் நடந்ததும் இதுதான் சார், இதுதான் இவர் கைப்பழக்கம் என்று நல்ல இந்தியில் சொல்வேன். அந்த வாக்கியத்தை வகுப்பு டீச்சரிடம் வேறு ஏதோ சாக்கில் கேட்டுத் திருத்திக்கொண்டேன்.

விமானம் வரைக்கும் அது போகவே போகாது. பிரிவுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அலமாரி என் பொறுப்புதானே என்று கேட்பார்கள். காய்ந்ததைத்தான் வைத்தேன், இவர்தான் அவசரத்தில் கோபுரத்திலிருந்து இறக்கினார் என்பேன். பொய்தான். அவன் சொன்ன பொய்யை அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன், வட்டி கூடப் போடவில்லை.

செப்டம்பர் 6

மழை இல்லை. பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு பழிவாங்க மழைக்குக் காத்திருக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 8

மழை இல்லை. தனசீலன் மகளின் போட்டோவைக் காட்டினான். காட்டாமல் விடுவதில்லை ஒருத்தரையும். மொட்டைத் தலை, அவனுடைய மூக்கு. "ஊருக்குப் போலியா கார்ப்ரல்?" என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே. "லீவு எடுத்தா உங்களுக்கு ஆள் குறையும். மழைக்காலம் தாண்டட்டும்" என்றான். பெரிய தியாகி.

செப்டம்பர் 11

மழை! மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிட்டது. நனைந்த பாரசூட்டுகளைக் கோபுரத்தில் ஏற்றித் தொங்கவிட்டோம். இழுக்கும்போது கயிறு இரண்டு தடவை என் கையிலிருந்து நழுவியது. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறான். "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவன் கேட்காமல் இருந்திருக்கலாம்.

நாளைக்கு.

செப்டம்பர் 12

எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

காலையில் முதல் ஆளாகப் போனேன். இன்னும் ஈரம் காயாத ஒன்றை இறக்கி, மடித்து, அவன் எடுக்கும் பக்கத்து அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். மற்றதெல்லாம் காய்ந்தவை. அவன் வந்தான். வழக்கம்போல "சாப்ட்டியாம்மா" கேட்டான். வேலைக்கு உட்காரப் போகிற நேரத்தில் குருப்பு சார் வந்து, ஜீப்பில் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல், நீ போ என்றார். போய்விட்டு வந்தாலும் சாயங்காலப் பார்வைக்கு நான் இருப்பேன், அதற்குள் தனசீலன் இன்னொரு ஏர்மேனை வைத்துக் கட்டி முடித்திருப்பான், நான் அழுத்தினேன் என்ற பேச்சே வராது, இன்னும் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷமாக ஜீப்பில் ஏறினேன்.

ஓடுபாதையின் கடைசியில் வேப்பமரம்கூடக் கிடையாது. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஜீப் டியூட்டிக்காரர் பகல் முழுக்க அங்கே இருந்தாக வேண்டும், ஜீப்பின் நிழலில்தான் உட்கார வேண்டும். என்னை இறக்கிவிட்டுப் பிரிவுக்கு ஒரு நடை போய்த் திரும்பியிருந்த டிரைவர் பல்வந்த் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விமானம் சத்தத்தோடு மேலே ஏறியது. இன்றைக்குக் காலையில் பறப்பதாகவே இல்லையே என்றேன். திடீர் உத்தரவு, உங்கள் பிரிவிலிருந்து இப்போதுதான் கட்டிய இரண்டு பையை அவசரமாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள், நான்தானே எடுத்துப் போய்க் கொடுத்தேன் என்றார்.

சாயங்காலப் பார்வைக்கு முன்பே பைகள் போய்விட்டன. பிரி என்று சொல்ல நான் அங்கே இல்லை. மேலே இருந்ததைத்தான் முதலில் எடுத்திருப்பான். இரண்டில் ஒன்று அது.

எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எழுத மாட்டேன்.

முதல் விமானம் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளம்பியது. பாரசூட் படாரென்று விரிந்தது. எங்களைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் இரண்டாவதில் இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். பல்வந்த் இறங்கிப் போய்ப் பாரசூட்டை அள்ள ஆரம்பித்தார். "வா பெண்ணே, இதென்ன கல்யாண வீடா?" என்று கத்தினார்.

இரண்டாவது விமானம் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. ஓடுபாதை நேற்றைய மழையில் அங்கங்கே இன்னும் பளபளத்தது. ஜீப்பிலிருந்த ரேடியோவை எடுத்தேன். கன்ட்ரோலைக் கூப்பிட்டு, வருகிற விமானத்தின் வால் பாரசூட் ஈரம், விரியாமல் போகலாம் என்றேன். இந்தி தடங்கலே இல்லாமல் வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள்.

கார்ப்ரல் தனசீலன் ஈரத்தோடு கட்டினார். இந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்தது. விமானமும் தப்பிக்கும், அவனும் ஒழிவான், நான் நாயகி. நான் நினைத்ததைவிட நன்றாக அமைந்திருந்தது.

அதற்குள் நடுவில் ஒரு குரல் வந்தது. "யாருடையது? என்னுடையதா?" என்று கேட்டது. விமானியின் குரல். இளவயசு. சளி பிடித்த மூக்கு. பயந்த மாதிரியே இல்லை, பஸ்ஸில் பையை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"உங்களுடையதுதான் சார். நான்தான் ஈரத்தோடு எடுத்து வைத்தேன். தெரிந்தே வைத்தேன்" என்றேன். ரேடியோவைத் திறந்து வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

விமானம் இறங்காமல் தலைக்கு மேலே போய்ச் சுற்றியது. வலையைத் தூக்கினார்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் வந்து நின்றன. பல்வந்த் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. எங்கள் குலசாமியில் தொடங்கி எனக்குத் தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். விமானம் இறங்கியது. பாதை தொடங்கும் இடத்திலேயே தொட்டது.

பாரசூட் விரிந்தது. அழகாக, முழுசாக விரிந்தது. வலைக்கு எவ்வளவோ முன்னாலேயே விமானம் வேகம் அடங்கித் திரும்பிவிட்டது.

ஓடிப் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

செப்டம்பர் 13

அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. சாப்பாட்டுக்கு மட்டும் காவலோடு போய் வரலாம். போகும் வழியில் கோபுரத்தின் பக்கம் தனசீலன் நின்றுகொண்டிருந்தான். காவலுக்கு வந்தவனிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தான்.

"நீயே வச்சதா அது?"

நான் தட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டதுமே தெரிஞ்சிட்சி. ஜூனுக்கு அப்புறம் அலமாரியில இருந்து எடுக்கறப்பவே, உங்க யாருக்கும் தெரியாம, ஒவ்வொண்ணையும் கன்னத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் கட்றன். நீ ஏதோ நெனப்புல காயாததை எறக்கிட்டன்னு நெனச்சன். இன்னொரு வாட்டி மாட்டினா உன்ன வூட்டுக்கே அனுப்பிடுவாங்களேன்னு, நானே தூக்கினு போயி மறுபடி தொங்கவுட்டு, வேற எடுத்துக் கட்டினன். கூட இருந்தவன்கிட்டயும் வாயத் தொறக்காதன்னு சொன்னன்."

"ஒங்கள யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல."

"பெறவு ஏன் செஞ்சீங்க?"

கீழே கிடந்த கப்பிக் கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான். அந்தக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. கோபம் வந்தால் அழுகை வருகிற சனியன் பிடித்த பழக்கம் எனக்கு. காவலுக்கு வந்தவன் கைக்குட்டை கொடுத்தான். அதையும் வாங்கவில்லை.

செப்டம்பர் 14

அப்படியானால் அந்தப் பாரசூட் விமானத்தில் இல்லவே இல்லை. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கும்தான். இதை நினைத்து நினைத்து நேற்று சாப்பாடே இறங்கவில்லை.

செப்டம்பர் 18

விசாரணை. அதே அறை, அதே நீள மேஜை. இந்த முறை என்னை முதலில் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தியில் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஏன் வைத்தாய் என்றார் தலைமை அதிகாரி.

இதோ, இதற்காகத்தான் இத்தனை மாதமும். இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் கல் பொறுக்கினேன், வகுப்புக்குப் போனேன், மழைக்குக் காத்திருந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"சார், ஜூனில் ஈரத்தோடு கட்டியது நான்தான்" என்றான் தனசீலன். அவன் முறை வரவே இல்லை. யாரும் அவனைக் கேட்கவில்லை. "இவள் தொங்கப் போடலாம் என்றாள். நான்தான் அழுத்தச் சொன்னேன். இங்கே பொய் சொன்னேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். குருப்பு சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டேன். கார்ப்ரல், நீங்க, வாங்க, எல்லாம் போய்விட்டது.

"நான் சொல்லிருப்பம்லா! எம் வாயில இருந்து வரவேண்டிய சொல்லு அது! அதையும் நீயே பறிச்சுக்கிட்டியே! இப்பம் நீ நல்லவன், நான் பாதகத்தி, அப்படித்தான?"

"நீ சொல்லியிருப்பியா?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"சொல்லிருப்பேன்."

சொல்லியிருப்பேன். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். ரேடியோவில் சொல்லாதது வேறு விஷயம்.

செப்டம்பர் 25

தீர்ப்பு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பாரசூட்டைத் தொடக் கூடாது. அவன் சமையல் கூடத்தில் கணக்குப் பார்க்கிறான். நான் மறுபடி கல் பொறுக்குகிறேன். இந்த முறை யார் மண்டையில் போடுவதென்று தெரியாமல் சும்மா பொறுக்குகிறேன்.

செப்டம்பர் 29

அம்மாவிடம் சொன்னேன். வீட்டுக்கு வர நேரலாம், என் மேல்தான் தப்பு என்றேன்.

"என்னட்டி செஞ்ச?"

"ஒருத்தன் எனக்குச் செஞ்சத அவனுக்குத் திருப்பிச் செய்யப் பாத்தேம்மா."

"செஞ்சியா?"

"இல்ல. நடக்கல."

தட்டில் பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. "முத்தையாட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள் கடைசியில்.

அக்டோபர் 4

உத்தரவு வந்துவிட்டது. தனசீலன் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டியைப் பிய்த்துவிட்டார்கள். கார்ப்ரல் இல்லை இனி. சார்ஜண்ட் கனவெல்லாம் போச்சு. ஜூன் மாதச் சிவப்பு மையை என் பெயரிலிருந்து அழித்துவிட்டார்கள். அதற்கும் மேலே புதிதாக எழுதி என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேட்டது எல்லாம் கிடைத்தது. அவன் வாயாலேயே சொன்னான், எல்லோர் முன்னாலும் சொன்னான், பதவியும் போயிற்று. இதற்கு மேல் ஒரு பழிவாங்கலில் என்ன இருக்கிறது? சந்தோஷப்பட வேண்டும் என்று காலையிலிருந்து முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

கேட் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சட்டைக் கையில் பட்டி பிய்த்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. ரயிலடிக்குப் போகும் வண்டி இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். ஒன்றும் பேசாமல் போனால் பின்னால் மனசு அறுக்கும் என்று தோன்றியது.

"ஒங்கள நான் மன்னிக்க மாட்டேன்" என்றேன்.

"வேணாம்" என்றான். "நான் கேக்கவே இல்லையே."

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நானும் உன்ன மன்னிக்கல முப்பிடாதி. நான் பண்ணது சோம்பேறித்தனம், அப்புறம் பயம். அசிங்கம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ தெரிஞ்சே வச்ச. மொத பிளேன் எறங்கறவரைக்கும் சும்மா வேற இருந்த, பல்வந்த் சொன்னாரு. உனக்கு எம்மேலதான கோபம்? அந்த பிளேனுக்குள்ள உக்காந்துனு இருந்தவரு உனக்கு என்னா பண்ணாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

அக்டோபர் 5

ரயில் நர்மதையைத் தாண்டிவிட்டது. எதிர் சீட்டில் ஒரு குடும்பம் பூரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தனசீலனுக்கு நறுக்கென்று ஒரு பதில் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். நேற்றிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் அமையவில்லை. ஜூனில் கழுத்துப் பட்டி போட்டவரும் இருக்கிறார், சளி பிடித்த குரல்காரரும் இருக்கிறார். இரண்டு பேருடைய பெயரையும் நான் இதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை.